நொச்சிப்புதூர் பஸ்ஸில் எத்தனை பேர்

நொச்சிப்புதூருக்குள் முதன்முதலாக பஸ் வந்த அன்றைக்கு அதை வரவேற்க நின்றவர்கள் நூறு பேருக்கு மேலே. ஏறிப்போனவர்கள் ஆறே பேர்.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை. காங்கயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற மெயின் ரோட்டுப் பிரிவிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே வந்தால் நொச்சிப்புதூர். அந்த நாலு கிலோமீட்டருக்குத் தார் போட்டு ஏழு வருஷமாகியிருந்தது. ஏழு வருஷமும் அதில் ஓடியதெல்லாம் ஊர்ப் பெரிய நிலக்காரர் பாலுசாமிப் பண்ணாடியின் வண்டிகள்தாம். வெள்ளை மாருதி ஒன்று, அவர் மகன் மனோஜ்குமாருக்கு புல்லட் ஒன்று, புண்ணாக்கு மூட்டை ஏற்ற டெம்போ ஒன்று. மற்றவர்களுக்குக் கால் இருந்தது.

பஸ்ஸுக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். காலனிக்காரர்கள் பொழுது விடியுமுன்னே தலைக்குக் குளித்து, துவைத்த துணி உடுத்தி வந்திருந்தார்கள். முதலில் பாலுசாமி ஏறினார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தார். அவருடைய ஒறம்பரை, சொந்தக்காரர்கள் அஞ்சு பேர் பின்னாலேயே ஏறினார்கள்.

கண்டக்டர் வெங்கடபதி படியில் நின்றுகொண்டு, "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்று கத்தினார்.

ஒருத்தரும் அசையவில்லை. பண்ணாடி உட்கார்ந்திருக்கிற வண்டியில் தாங்களும் ஏறி, அவருக்குப் பின்னால் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்வதாவது! அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. உடம்பு தானாக நின்றுவிட்டது. ஏறாததோடு விடாமல் கையெடுத்துக் கும்பிட்டு, "போய்ட்டு வாங்க சாமி" என்று வழியும் அனுப்பிவைத்தார்கள்.

சின்னாத்தாளும்தான் நின்றாள். பஸ் வேண்டுமென்று ஈரோட்டுக்கு நாலு தடவை மனுக் கொண்டுபோனவள் அவள். மனுவில் முதல் ரேகை அவளுடையது. ரேகை வைத்த அதே கையால் கும்பிட்டுவிட்டு, பஸ் கிளப்பிய புழுதியில் பின்னாலேயே நாலு கிலோமீட்டர் நடந்து, பிரிவில் வேறு பஸ் பிடித்தாள். காங்கயத்துத் தேங்காய்க் களத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழே கால். கேட்டைச் சாத்தியிருந்தார்கள்.

"பஸ்சு வந்துருச்சுன்னு சொன்னாங்க, அப்பறமும் லேட்டா?" என்றான் மேஸ்திரி.

"வந்துச்சுங்க."

"அப்பறம்?"

அவள் முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். "இன்னொரு நாளைக்கு லேட்டாச்சுன்னா ஊட்லயே இருந்துக்க அம்மணி" என்றான் அவன்.

களத்து வேலை வெயிலோடு சேர்ந்த வேலை. காய்ந்த தேங்காய் மூடியிலிருந்து கத்தியால் பருப்பை நோண்டி எடுக்கவேண்டும். பதினாறு வருஷமாக நோண்டி அவளுடைய இடது உள்ளங்கையில் ரேகை எது, கத்திவெட்டு எது என்று தெரியாமல் போயிருந்தது. முன்பெல்லாம் ஊர்ப் பெண்களோடு மனோஜ்குமாரின் டெம்போவில்தான் அவளும் போய்வந்தாள். முப்பது பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போவார்கள். அவன் எழுந்து பல் விளக்கும் நேரம்தான் டெம்போ கிளம்பும் நேரம். திரும்பும்போது மூட்டை ஏற்றி முடிக்கும் வரைக்கும் ரோட்டோரம் காத்துக் கிடக்கவேண்டும். மனுவில் முதல் ரேகை வைத்தது தெரிந்த மறுநாள், "பஸ்சு கேட்டீல்ல, அதுலயே போய்க்க" என்று அவளை மட்டும் இறக்கிவிட்டான். அன்றிலிருந்து ரெண்டு மாதமாக நடைதான். இந்த பஸ் நின்றுபோனால் அவளுக்குக் களமும் இல்லை, டெம்போவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ்ஸில் அவளையும் சேர்த்து பதினாலு பேர். வெங்கடபதி டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுக் குனிந்து சொன்னார்.

"ஏனுங்கக்கா, நேத்து பின்னால சீட்டுல ஒரு ஐயா உக்காந்திருந்தாரே, பாத்தீங்களா?"

"ஆரோ பேண்ட்டு போட்டவரு."

"டிப்போலருந்து கணக்கெடுக்க வந்தவருங்க. இந்த ரூட்டு ரெண்டு வாரம் ஓட்டிப் பாக்கத்தான் வந்திருக்குது. ஆளு ஏறுனா நிக்கும், இல்லீன்னா வேறூருக்குப் போயிரும். நேத்து என்ன எழுதிட்டுப் போனாருங்கறீங்க? ஆறு!"

சின்னாத்தாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்தாள்.

"அத்தன பேரு நின்னோமே, அவரு பாக்கலீங்களா?"

"ரோட்டுல நின்னவங்கள எல்லாம் எழுத முடியுங்களா? சீட்டுல இருந்தாத்தான் தலை. அடுத்த வாரம் முடியறதுக்குள்ள இன்னொருக்கா வருவாங்க. என்னைக்குன்னு எனக்கே சொல்லமாட்டாங்க. நாப்பது தலையாச்சும் இருக்கோணும்."

அந்தச் சேதி அவளுக்கு முன்னால் மனோஜ்குமாருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. புதன்கிழமையிலிருந்து டெம்போ பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே காலனி முக்கில் வந்து நின்றது. அதோடு இலவசம்.

"அட, ரெண்டு வாரத்துக்கு ஒருத்தரும் ஒன்னும் குடுக்க வேண்டாம்" என்றான். "பஸ்சு இன்னைக்கு வரும், நாளைக்குப் பஞ்சர்ம்பான். நான் எங்க போறேன்? இங்கதான இருக்கப்போறேன்."

சொன்னது சிரிப்போடுதான். கடைசி வாக்கியத்தில் இருந்தது என்னவென்று காலனியில் எல்லாருக்கும் புரிந்தது. புதன் பதினோரு பேர், வியாழன் எட்டுப் பேர், வெள்ளி ஏழு. பஸ் காலியாகக் குலுங்கிக்கொண்டு போயிற்று. சின்னாத்தாள் தினமும் அதில் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அத்தனை சீட்டும் காலியாக இருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் நிற்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வரும்போது எதிரே வெள்ளை மாருதி வந்தது. ஒதுங்கி நின்றாள். பாலுசாமி வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். மகனைப் போல ஏளனமாகப் பேசுகிறவர் இல்லை அவர். யாரையும் மரியாதை குறைத்துக் கூப்பிடமாட்டார்.

"ஏனம்மா சின்னாத்தா, பஸ்சு பஸ்சுன்னு மூஞ்சியெல்லாம் வாடிப்போச்சு?"

"ஆமாங்க சாமி."

"நாஞ் சொல்றதக் கேளும்மா. காலம் வேற மாதிரி போயிட்டிருக்குது. இன்னும் பத்து வருசத்துல ஊட்டுக்கு ஊடு வண்டி நிக்கும். இந்த ரோட்ட ரெண்டு பங்கு அகலம் பண்ணோணும்னு எழுதிக் குடுத்திருக்கறேன். ரோடு அகலமாச்சுன்னா எல்லாம் தானா வரும். காலியா ஓடற பஸ்சுனால ஆருக்கு என்ன லாபம்?"

"பத்து வருசம் வரைக்கும் நாங்க நடக்கோணுங்களா?"

"அதுக்குத்தான் டெம்போ இருக்குதே."

"நா அதுல ஏறக்கூடாதுங்களே."

பாலுசாமியின் கை கியர்க் கம்பிக்குப் போயிற்று. மகன் செய்தது அவருக்குத் தெரியும். சின்னாத்தாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சாமி, இந்த வண்டில எத்தன பேரு போலாமுங்க?"

"அஞ்சு பேரு தாராளமா."

"இப்ப நீங்க ஒருத்தருதானுங்களே இருக்கறீங்க. இதுவும் காலியாத்தானுங்க ஓடுது."

பாலுசாமி திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. சுள்ளிக்கட்டைத் தலையில் சரிபண்ணிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

தோட்டத்து வேலி திரும்பும் இடத்தில் பின்னாலிருந்து, "ஏனுங்க, சித்த நில்லுங்க" என்று குரல் வந்தது. மனோஜ்குமாரின் பெண்டாட்டி லோகப்பிரியா. கல்யாணமாகி வந்து ரெண்டு வருஷம்தான். மாமனார் பேசியதை வேலிக்குள்ளிருந்து கேட்டிருப்பாள் போல.

"அந்த பஸ்சு காங்கயத்துக்கு எத்தன மணிக்குப் போகுது?"

"ஆறேகாலுக்குக் கெளம்பிருமுங்க. நீங்க எதுக்குங்க அம்மணி கேக்கறீங்க? உங்க ஊட்டுலதான் வண்டி நிக்குதே."

"மூணு நிக்குது" என்றாள் லோகப்பிரியா. "எங்கம்மாளுக்குக் கண்ணு ஆப்பரேசன் ஆகி இருபது நாளாச்சு. வெள்ளகோயில் என்ன சீமையா? போய்ப் பாக்கோணும்னு கேட்டா, மாருதிக்கு அவங்கப்பாவுக்கு வேலை, டெம்போவுக்கு அவருக்கு வேலை. புல்லட்டு நா ஓட்டவா?"

அதற்கு மேல் பேசாமல் உள்ளே போய்விட்டாள். மூன்று வண்டி நிற்கிற வீட்டில் ஒரு பெண்ணுக்குப் போக வழியில்லை என்பது சின்னாத்தாளுக்குப் புதுச் சேதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் காலனிக் குழாயடியில் பெரிய பேச்சு. தண்ணீர் சன்னமாக வடிந்துகொண்டிருந்தது. குடம் நிறைய நேரமாகும். வாய்க்கு வேலை கிடைக்கும்.

"ஓசில கூட்டிட்டுப் போறான், உனக்கென்னக்கா எரியுது?" என்றாள் கிருபா. களத்தில் சின்னாத்தாளுக்கு அடுத்த பாயில் உட்கார்ந்து பருப்பு நோண்டுகிறவள், சாமுவேலின் பெண்டாட்டி. ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள்.

"ரெண்டு வாரம் ஓசி. மூணாவது வாரம்?"

"அப்பப் பாத்துக்கலாம்."

"அப்பப் பாக்கறதுக்கு பஸ்சு இருக்காதுடி. வயித்தத் தூக்கிட்டு அந்தக் கயித்தப் புடிச்சுட்டு நிக்கறியே, பள்ளத்துல தூக்கிப் போட்டா எங்க போய் உழுவே? பஸ்சுல முப்பது சீட்டு காலியாக் கெடக்குது. அதுல உக்காந்து வாரதுக்கு உனக்கு என்ன கேடு?"

"பெருசாப் பேசற! நீ உக்காந்தியா?" என்றாள் கிருபா. "அன்னைக்கு எங்க ஊட்டுக்காரரு பஸ்சுல வந்தாரு. நீ கம்பியப் புடிச்சுட்டு நின்னியாமா. சீட்டெல்லாம் உன்னப் பாத்துச் சிரிச்சுதாமா."

குழாயடியே சிரித்தது. சின்னாத்தாளின் புருஷன் மாரப்பன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன், அவனும் சிரித்துவிட்டான்.

சின்னாத்தாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. குடத்தை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நெசந்தான் கிருபா. நின்னுட்டுப் போறதுக்கு நமக்குப் பயமே இல்ல. எத்தன தூரம்னாலும் நிப்போம். உக்காரத்தான் பயமா இருக்குது. பிரிவுல ஆராச்சும் காடுதோட்டம் வெச்ச காட்டுக்காரங்க ஏறுவாங்க, எந்திரிக்கச் சொல்லுவாங்க, அதுக்கு நின்னுட்டே போயிரலாம்னு இருக்குது. அந்தப் பயத்துல அன்னைக்கு நூறு பேரு ரோட்டுல நின்னு கும்புட்டோம். டிப்போக்காரரு ஆறுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. நம்மள ஒருத்தரும் ஏமாத்துல. நாமளேதான் நம்மள எழுதாம உட்டுட்டோம்."

சின்னாத்தாள் குனிந்து குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அது ஆரு ஊட்டு வண்டியும் இல்ல. டிக்கெட்டு வாங்குனவன் சீட்டு" என்றாள். "நாளைக்கு நா மொத சீட்டுல உக்காருவேன். பாக்கறவங்க வந்து பாருங்க."

"பாக்கத்தான் வருவோம்" என்றாள் கிருபா.

திங்கட்கிழமை விடியற்காலை காலனி முக்கில் டெம்போ நின்றது. பழக்கத்தின் பேரில் இருபது இருபத்தைந்து பேர் ஏறியும்விட்டார்கள். கிருபா ஒரு கையில் கயிறும் ஒரு கையில் தூக்குச்சட்டியுமாக நின்றாள். மனோஜ்குமார் ஸ்டியரிங்கில் இருந்தான். மிச்சப்பேர் ரோட்டோரம் ரெண்டுங்கெட்டானாக நின்றார்கள்.

பஸ் வந்து திரும்பி நின்றது. வெங்கடபதி இறங்கி, சின்னாத்தாளைப் பார்த்து வாயைத் திறக்காமல் கண்ணைப் பின்பக்கம் ஓட்டினார். கடைசி சீட்டில் அந்தப் பேண்ட்டுக்காரர் மடியில் அட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சின்னாத்தாள் படியேறினாள். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். பண்ணாடி அன்றைக்கு உட்கார்ந்த இடம். தூக்குச்சட்டியைக் காலடியில் வைத்தாள். உட்கார்ந்தாள். ரெக்சின் குளிர்ந்து கிடந்தது. முதுகை எங்கே வைப்பதென்று தெரியாமல் நுனியில் இருந்தாள்.

டெம்போவில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. வெங்கடபதி விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், மணிக்கட்டைப் பார்த்தார். மாரப்பனையும் சேர்த்து ஒன்பது பேர்தான் ஏறியிருந்தார்கள்.

அப்போது தோட்டத்துப் பக்கமிருந்து லோகப்பிரியா கையில் ஒரு பையோடு நடந்து வந்தாள். நேராக பஸ்ஸுக்கு வந்தாள். மனோஜ்குமார் டெம்போவிலிருந்து குதித்தான்.

"எங்க போற?"

"வெள்ளகோயிலு. எங்கம்மாளப் பாக்க."

"நாளான்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்னேன்ல?"

"நீங்க சொன்ன நாளான்னைக்கு எத்தனையோ வந்து போயிருச்சு. பிரிவுல எறங்கி வெள்ளகோயில் பஸ்சப் புடிச்சுக்கறேன். சோறு ஆக்கி வெச்சிருக்கறேன், சாப்புட்டுக்கங்க."

படியேறி உள்ளே வந்துவிட்டாள். முதல் சீட்டில் சின்னாத்தாளைப் பார்த்ததும் கால் நின்றது. பஸ்ஸிலும் டெம்போவிலும் ரோட்டோரத்திலும் இருந்த தலைகளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. பண்ணாடி வீட்டு மருமகள் நிற்கிறாள், காலனிக்காரி உட்கார்ந்திருக்கிறாள்.

சின்னாத்தாளின் தொடை இரண்டும் தாமாகவே எழப் பார்த்தன. அவள் சொல்லி அவை எழவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான் எழுந்து பழகியவை. முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து உடம்பைச் சீட்டில் அழுத்திவைத்தாள்.

"பக்கத்துல எடமிருக்குதுங்க அம்மணி" என்றாள். "உக்காருங்க."

லோகப்பிரியா ஜன்னல் வழியே புருஷனைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள், இந்தப் பக்கம் படாத மாதிரி. ஆனால் எழுந்து போகவில்லை. சின்னாத்தாளுக்கு அது போதும்.

முதலில் கயிற்றை விட்டவள் கிருபாதான். "புடிங்க" என்று தூக்குச்சட்டியைக் கீழே நின்றவனிடம் கொடுத்துவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு டெம்போவின் பின்பலகையிலிருந்து இறங்கினாள்.

"ஏ கிருபா, அப்பறம் இதுல ஏறமுடியாது, பாத்துக்க" என்றான் மனோஜ்குமார்.

"ஏற வேண்டாமுங்க. இந்த வயித்தோட ஏறவும் முடியலீங்க" என்றாள் அவள்.

அவள் பின்னால் இன்னொருத்தி இறங்கினாள். பிறகு மூன்று பேர் சேர்ந்து. அதன்பின் எண்ண முடியவில்லை. ரோட்டோரம் நின்றவர்கள் படியில் முண்டினார்கள். சாமுவேல் ஆட்டுக்குட்டியோடு ஏறப் பார்த்தான், வெங்கடபதி அதட்டி இறக்கினார். உட்கார்ந்தவர்கள் முதலில் நுனியில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவரைப் பார்த்து, பிறகு முதுகைச் சாய்த்தார்கள். அந்த முதுகுகள் சாய்வதைப் பார்க்கத் திரும்பிய சின்னாத்தாள், தானும் சாய்ந்துகொண்டாள்.

கடைசி சீட்டிலும் ஐந்து பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்ததில் டிப்போக்காரர் எழுந்து நிற்கவேண்டியதாயிற்று. ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்து, அட்டையை நெஞ்சோடு அணைத்து, நின்றபடியே எண்ணினார். பாதியில் தப்பிப்போய் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"எத்தனைங்க ஐயா?" என்று கேட்டாள் கிருபா.

"அறுபத்தி மூணு."

"அறுபத்தி நாலுன்னு எழுதுங்க" என்று தன் வயிற்றைக் காட்டினாள். பஸ் முழுக்கச் சிரித்தது. லோகப்பிரியாவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

விசில் அடித்தது. பஸ் கிளம்பியது. டெம்போ காலியாக முக்கிலேயே நின்றது. ஊர் எல்லை தாண்டியதும் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. வெள்ளை மாருதி. பாலுசாமி தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். ஒற்றைத் தார் ரோட்டில் முந்த வழியில்லை. நாலு கிலோமீட்டரும் அவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அறுபத்தி மூணு பேரு போறோம், ஒருத்தரு சித்த பொறுக்கட்டும்" என்று தன் பாட்டுக்கு ஓட்டினார்.

களத்துக்கு வரும்போது மணி ஏழாக இருபது நிமிஷம். கேட் திறந்து கிடந்தது. மேஸ்திரி வாயில் பல்குச்சியோடு நின்றிருந்தான்.

"என்ன, எல்லாரும் ஒன்னாக் கெளம்பி வந்துட்டீங்க?"

"இனிமே இப்படித்தானுங்க வருவோம்" என்றாள் சின்னாத்தாள்.

களத்துக்கு வருமுன்பே, டிப்போக்காரர் இறங்கிய இடத்தில் அவள் அவரை மடக்கியிருந்தாள். அவர், "ரூட்டு நெலைச்சுரும்மா, கவலைப்படாதே, எழுதிட்டேன்" என்றார். கும்பிடக் கை எழுந்ததுதான். அதைப் பாதியில் இறக்கிக்கொண்டு கேட்டாள்.

"போறதுக்கு ஆச்சுங்க. திரும்பி வாரதுக்கு? ஆறு மணிக்கு ஒரு நடை வேணுமுங்க."

"காலைல ஒன்னு குடுத்ததே இப்பத்தானம்மா."

"காலைல போன அறுபத்தி மூணு பேரும் பொழுதோட ஊட்டுக்கு வரோணுமல்லங்க? டெம்போக்காரரு இனி எங்கள ஏத்தமாட்டாருங்க. நீங்கதான் ஏத்தோணும்."

அவர் அட்டையைத் திறந்து, ஏதோ எழுதி, மூடினார்.

சாயங்கால நடை வர ஒரு மாதமாயிற்று. அதற்கும் ஒரு மனு, ஒரு ஈரோட்டுப் பயணம் தேவைப்பட்டது. இந்த முறை சின்னாத்தாளோடு பதினெட்டுப் பேர் போனார்கள். போர்டு எழுதிய முதல் சாயங்கால பஸ்ஸில் காங்கயத்தில் ஏறி, கண்ணில் பட்ட ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். பிரிவில் காட்டுக்காரர்கள் நாலு பேர் ஏறினார்கள். சீட்டில்லை. அதில் ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

அது அவளுக்குத் தெரியவே தெரியாது. வேலை முடிந்த உடம்பு, ஓடுகிற வண்டியில், உட்கார்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கக்கா, ஊரு வந்துருச்சு" என்று வெங்கடபதி தோளைத் தட்டிய பிறகுதான் எழுந்தாள்.